எந்த மாசம் வரட்டும் என்று கேட்டாயே

கயல் கண்ணு,

உன் மெசேஜுக்கு இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். "அம்மா, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல பறவை நிறைய இருக்கிற மாசம் எது? லீவு சொல்லணும், டிக்கெட் போடணும்" என்று கேட்டிருந்தாய். பெரும்பாக்கம் சதுப்பில் பறவை பார்க்கக் கற்றுக்கொண்டவள் அப்படித்தான் கேட்பாள். ஆனால் ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் கிடக்கிற இந்த ஊருக்கு அந்தக் கேள்வி ஒத்து வராது. ஏன் என்று சொல்லப்போனால் கொஞ்சம் நீளும். நைட் டியூட்டி முடிந்து வந்தேன், தூக்கம் பிடிக்கவில்லை. அப்பா டாக்ஸியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

நான் வேடந்தாங்கல் பக்கத்து ஊரில் பிறந்தவள். எங்களுக்குப் பறவை என்றால் காலண்டர். ஐப்பசியில் மழை பிடிக்கும், ஏரி நிறையும், கடப்ப மரத்திலும் கருவேல மரத்திலும் கூடு ஏறும். பங்குனி வெயிலில் குஞ்சோடு கிளம்பிப் போகும். மழை பொய்த்த வருஷம் கூட்டம் குறையுமே தவிர, மாசம் மாறாது. ஏரித் தண்ணீரில் பறவை எச்சம் கலந்தால் வயலுக்கு நல்ல உரம் என்று ஊர்க்காரர்களுக்கு எப்போதோ தெரியும். அதனால்தான் யாரும் அங்கே துப்பாக்கி தூக்கக்கூடாது என்று 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கி வைத்தார்கள். உங்க ஆயாவைக் கேள், இந்தக் கதையை இன்னும் நீளமாகச் சொல்வார்.

இங்கே ஐப்பசியும் இல்லை, பங்குனியும் இல்லை. இந்த ஊரின் சராசரி மழை வருஷத்துக்கு 28 செ.மீ. சுமார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை சமைத்ததை ஞாயிறு வரை சாப்பிட்டீர்களே, அந்த மழை. இங்கே அவ்வளவு பெய்ய ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். அந்த 28 செ.மீ.கூட சராசரிக் கணக்குதான். ஒரு வருஷம் மண் நனையாமலே போகும், இன்னொரு வருஷம் ஒரே வாரத்தில் எல்லாம் கொட்டிவிடும். வந்த தண்ணீரும் நிற்காது, வெயில் உறிஞ்சிவிடும். பெய்வதைப்போல் பத்து மடங்கு ஆவியாகக்கூடிய ஊர் இது.

ஊர் நடுவே டாட் ஆறு என்று ஒன்று ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது, வருஷம் முழுக்க வெறும் மணல். அந்த மணலில் அடிப்பாகம் இல்லாத படகுகளை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஓடும் பந்தயம் ஒன்று வருஷா வருஷம் நடக்கும். 1993-ல் அதை நிறுத்த வேண்டி வந்தது, ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம்! டாட் ஆறு ஓடுவதை மூன்று தடவை பார்த்தவர்தான் உள்ளூர்க்காரர் என்று இங்கே சொல்வார்கள். நானும் அப்பாவும் அந்தப் பரீட்சையில் பாஸ் ஆகிவிட்டோம்.

இப்படிப்பட்ட ஊரில் நீர்ப்பறவை எங்கே இருக்கும்? நீ போனில் கேட்டபோது கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன், நீயும் சிரித்தாய். ஆமாம், சாக்கடைக் குளம்தான். ஊருக்குத் தெற்கே, மலையைப் பிளந்துகொண்டு ஆறு போகும் ஹெவிட்ரீ கேப்பைத் தாண்டினால், பவர் அண்ட் வாட்டர் நிறுவனத்தின் கழிவுநீர்க் குளங்கள். 25,000 பேர் குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர், மற்றதும். (அந்த மலை இடைவெளி இங்குள்ள அரெர்ன்டே மக்களுக்குப் புனிதமான இடம், அவர்கள் பெயரில் இன்டாரிப்பா. ரோடும் ரயிலும் ஆறும் அந்த ஒரே சந்தில் நெருக்கியடித்துக்கொண்டு போகும். நீ வரும்போது அங்கே இறங்கி மலை ஏறி போட்டோ எடுக்கிறேன் என்று கிளம்பாதே.)

நாற்றம் இருக்குமா என்று கேட்டாய். முதல் குளத்தருகே இருக்கும், காற்று அந்தப் பக்கமாக அடித்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் பறவைக்கு உண்டான வேலையெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. கழிவைப் பாக்டீரியா தின்கிறது, அதில் வந்த சத்தில் வெயிலைப் பிடித்துப் பாசி வளர்கிறது, பாசியைத் தின்று நீர்ப்பூச்சியும் புழுவும் பெருகுகின்றன. ஒவ்வொரு குளமாகத் தாண்டி வரும்போது தண்ணீர் தெளிந்துகொண்டே வரும். கடைசிக் குளங்களில் நாற்றம் தெரியாது, வாத்துதான் தெரியும். வேடந்தாங்கலில் பறவையின் எச்சம் நமக்கு உரம். இங்கே நம்முடையது அவற்றுக்குச் சோறு. முதல் தடவை இது மனதில் பட்டபோது கரையில் தனியாக நின்று சிரித்தேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்த ஊர்க் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீரோ ஏரித் தண்ணீரோ இல்லை. ரோ கிரீக் என்ற இடத்தில் மணற்பாறைக்கு அடியிலிருந்து இறைக்கிறார்கள். அது பல ஆயிரம் வருஷத்துக்கு முன்பு பெய்த மழை. இன்று பெய்கிற மழையால் அந்தக் கிணறுகள் நிரம்புவது மிகக் குறைவு, எடுக்க எடுக்கக் கீழே போகிறது. அந்தக் காலத்து மழை என் சிங்க்கில் பாத்திரம் கழுவி, இங்கே வந்து ஒரு நாமக்கோழிக்குக் குளமாகிறது. இதில் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. ஆனால் ஷவரை மூடாமல் பல் தேய்த்தால் உன்னைத் திட்டுவேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

இங்கே பறவைகள் இரண்டு ஜாதி என்று வைத்துக்கொள். காலண்டர் பார்த்து வருபவை ஒன்று. சைபீரியாவில் முட்டையிட்டுவிட்டு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வந்து இறங்கும் உள்ளான்கள். கூர்வால் உள்ளான், பச்சைக்கால் உள்ளான், பொரி உள்ளான். ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும். பொரி உள்ளான் உன் பெரும்பாக்கத்துக்கு வருவதும் அதேதான். வடக்கே ஒரே மாதிரிச் சதுப்புக் காட்டில் பிறந்தவை, சில மத்திய ஆசியா வழியாக உன் ஆபீஸ் ஜன்னல் பக்கம் வருகின்றன, சில சீனக் கடற்கரை வழியாக என் பக்கம் வருகின்றன. என் பக்கத்து வழிதான் ரொம்ப அடிபட்டது. மஞ்சள் கடலோரத்துச் சேற்றுத் திட்டுகளில் இறங்கித் தின்றுவிட்டுத்தான் இவை மேலே பறக்க முடியும். அதில் பெரும்பகுதியை அணை கட்டி நிலமாக்கிவிட்டார்கள். தென் கொரியாவின் சேமாங்கும் கடற்சுவர் மட்டும் 33 கி.மீ., 2006-ல் மூடி முடித்தார்கள். நம் கோடியக்கரைக்கு வரும் வளைமூக்கு உள்ளானை, மிக மோசமாக அழிந்துவருகிற பறவை என்று 2015-ல் இந்த நாடு பட்டியலில் சேர்த்தது. இப்போது சீனாவும் கொரியாவும் மிச்சத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாகக் காக்கத் தொடங்கியிருக்கின்றன, அந்த அளவுக்கு நல்லது.

இந்த ஜாதியைப் பார்க்கத்தான் வருகிறாய் என்றால், அக்டோபரில் வா, கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் போடலாம். ஆனால் பெரும்பாக்கத்தில் பார்க்கிறதையே பார்க்க இவ்வளவு செலவு பண்ணி வருவானேன்?

இரண்டாவது ஜாதிக்குக் காலண்டர் கிடையாது. எங்கே மழையோ அங்கே போகும், எப்போது மழையோ அப்போது முட்டையிடும். வாத்து, முக்குளிப்பான், கருவால் கோழி, கூழைக்கடா, எல்லாம் அப்படித்தான். கருவால் கோழி இருக்கிறதே, ஒரு காலையில் கரை முழுக்க நாட்டுக்கோழி மாதிரி ஓடிக்கொண்டிருக்கும், அப்புறம் மாசக்கணக்கில் ஒன்றுகூடத் தென்படாது.

நீ நினைப்பாய், அப்படியென்றால் நல்ல மழை வருஷத்தில் வந்தால் நிறையப் பார்க்கலாமே என்று. அங்கேதான் தலைகீழ். நல்ல மழை பெய்தால் இந்த நாட்டின் நடுப்பகுதி முழுக்க எங்கெங்கோ பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். குவீன்ஸ்லாந்தில் பெய்த வெள்ளம் மாசக்கணக்கில் ஊர்ந்து வந்து ஏர் ஏரியில் சேரும். கடல் மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே இருக்கிற உப்பு ஏரி அது, பெரும்பாலும் வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடப்பது. 1974-ல் நிறைந்ததைத்தான் இன்றுவரை பெரிய நிறைவு என்கிறார்கள். அப்படித் தண்ணீர் வந்தால் பறவையெல்லாம் அங்கே போய்விடும். என் சாக்கடைக் குளத்தில் நாலு நாமக்கோழியும் ஒரு கோபக்கார நெடுங்கால் உள்ளானும்தான் மிஞ்சும். நாடு காயக் காய ஒவ்வொரு பள்ளமாக வற்றி, கடைசியில் வற்றாதது இந்தக் குளம்தான் என்று இங்கே வந்து குவியும். அதாவது கண்ணு, இங்கே பறவைக் கூட்டம் பார்க்க வேண்டுமென்றால் பஞ்சம் வர வேண்டும். அப்படி ஒரு மாசத்தை உனக்காக நான் எப்படி வேண்டிக்கொள்வது?

உன் அப்பாவுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. மழை பெய்தால் ஊரே சந்தோஷப்படும், நீ மட்டும் பைனாகுலரைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாய் என்பார். அது உண்மையில்லை. மழை பெய்தால் நானும் எல்லோரோடும் ஆற்றைப் பார்க்க ஓடுகிறவள்தான். அப்புறம் இல்பார்பா களிமண் தரைக்குப் போவேன். ஊருக்குத் தென்மேற்கே வெறும் பொட்டல், வெடித்துக் கிடக்கும். மழை பெய்து தேங்கினால் சில நாளில் அதற்குள் கேடய இறால் நீந்தும். முதுகில் ஓடு, பின்னால் இரட்டை வால், ஏதோ ஆதிகாலத்து ஜந்து. அதன் முட்டைகள் அந்தக் காய்ந்த களிமண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடந்தவை. குட்டை வற்றுவதற்குள் பொரிந்து, வளர்ந்து, மறுபடி முட்டை போட்டுவிட்டுச் சாகும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வாளியோடு வந்துவிடுவார்கள்.

இந்த மாதிரி காத்துக் கிடக்கிற முட்டையை நம்பித்தான் ஒரு பறவையே இருக்கிறது. பட்டை நெடுங்கால் உள்ளான் என்று வைத்துக்கொள், வெள்ளை உடம்பு, மார்பில் செங்கல் நிறப் பட்டை. நம் குளத்துக்கு எப்போதாவதுதான் தலைகாட்டும். பெரும்பாலும் தெற்கு, மேற்குக் கடற்கரைப் பக்கம் இருக்கிற பறவை. அது எங்கே கூடு கட்டுகிறது என்றே இங்கு குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு 1930 வரை தெரியாது. நடு நாட்டில் உப்பு ஏரி ஒன்றில் மழை விழுந்து, உப்பில் உறங்கிய இறால் முட்டைகள் பொரிந்ததும், ஆயிரம் கி.மீ. தள்ளி இருக்கும் இவை கிளம்பிவிடுகின்றன. முதுகில் சின்னக் கருவி கட்டி சாட்டிலைட் வழியாகப் பின்தொடர்ந்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. சில நாளிலேயே 2,000 கி.மீ.க்கு மேல் பறந்தது ஒன்று. அந்த மழை அவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரிகிறது? வாசனையா, காற்றழுத்தமா, காதுக்கு எட்டாத இடிச் சத்தமா, இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. எனக்கு என் முழங்கால் வலியை வைத்து நாளைய மழையைச் சொல்லத் தெரியும், அதற்கு மேல் இல்லை.

எந்த வருஷமானாலும் உனக்கு நான் காட்ட ஆசைப்படுவது அந்த வரிக்குதிரை வாத்தைத்தான். இளஞ்சிவப்புக் காது வாத்து என்றுதான் இங்கே பெயர். காதருகே அந்த இளஞ்சிவப்புப் புள்ளி கடுகளவு, நல்ல ஸ்கோப் இருந்தால்தான் தெரியும். உடம்பின் பக்கவாட்டில் கறுப்பு வெள்ளைக் கோடுகள், மூக்கு தோசைத் திருப்பி மாதிரி அகலமாகத் தட்டையாக, நுனியில் இரண்டு பக்கமும் தோல் தொங்கும். இரண்டு வாத்துகள் ஒன்றின் பின்புறத்தில் மற்றது தலை வைத்துத் தண்ணீரில் வட்டம் சுற்றும். விளையாட்டு என்று நினைக்காதே, தொழில். சுற்றச் சுற்ற நடுவில் சுழல் உண்டாகி அடியில் இருக்கும் பொடி உயிர்கள் மேலே வரும், அதை வடிகட்டித் தின்னும். சில நாள் ஒரு கூட்டமே சுற்றும். டியூட்டியில் என்ன நடந்திருந்தாலும் இதைக் கொஞ்ச நேரம் பார்த்தால் எனக்குச் சரியாகிவிடும். முதியோர் இல்லத்து நைட் டியூட்டியில் நடப்பதை நான் உனக்குச் சொல்வதில்லை, சொல்லவும் வேண்டாம்.

அப்புறம் லவ் பேர்ட்ஸ். உனக்குச் சின்ன வயதில் அப்பா கூண்டோடு வாங்கிவந்தாரே, பச்சை ஒன்று நீலம் ஒன்று, அதன் சொந்த ஊர் இதுதான். 1840-ல் ஜான் கௌல்ட் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார், அப்படியே உலகம் முழுக்கக் கூண்டுக்குள் போய்விட்டது. நீலம், வெள்ளையெல்லாம் கூண்டில் வளர்த்து எடுத்த நிறங்கள். இங்கே காட்டில் பச்சைதான். நல்ல புல் விதை விளைந்த சமயத்தில் காலையில் தண்ணீர் குடிக்கக் கூட்டமாக வரும். மொத்தக் கூட்டமும் ஒரே நொடியில் திரும்பும், திரும்பும்போது பச்சை மஞ்சளாகி மறுபடி பச்சையாகும். இதை வீடியோ எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன், என் வீடியோவில் ஒன்றும் தெரியவில்லை என்று நீ சொன்னதும் சரிதான். நேரில் பார்.

ஆகவே என் பதில் இது. ஜூன் முதல் செப்டம்பர் நடுவரை எப்போது லீவு கிடைக்கிறதோ அப்போது வா. அது பறவைக்காகச் சொல்வதில்லை, உனக்காக. ஜனவரியில் 40 டிகிரி தாண்டும், ஈ மூக்குக்குள் போகும். ஜூலையில் பகல் சுகமாக இருக்கும், விடியற்காலை மட்டும் பூஜ்யத்துக்குக் கீழே போகும், ஸ்வெட்டரும் கையுறையும் கொண்டுவா. லீவைச் செப்டம்பருக்குத் தள்ளி எடுத்தால் சைபீரியா உள்ளான்களில் முந்தி வந்தவற்றையும் பார்க்கலாம். லிஸ்ட் போட்டுக்கொண்டு வராதே. இத்தனை இனம் டிக் அடிக்க வேண்டும் என்று வருகிறவர்களைக் கரையில் நிறையப் பார்க்கிறேன். கேரவனில் நாடு சுற்றும் ரிடையரான வெள்ளைக்காரத் தம்பதிகள், நல்ல மனுஷர்கள்தான், தங்கள் ஸ்கோப்பில் நம்மையும் பார்க்கச் சொல்வார்கள். ஆனால் இல்லாத ஒன்றுக்காக முகம் வாடி, எதிரே சுற்றிக்கொண்டிருக்கும் வாத்தைப் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விடுவார்கள்.

உலுரு என்ற அந்தப் பெரிய சிவப்புப் பாறைக்கு ஒரு மத்தியானம் போய்விட்டு வரலாமா என்று கேட்டிருந்தாய். இங்கிருந்து கிட்டத்தட்ட 450 கி.மீ., சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற தூரம். நடுவில் ஆரியபவன் இல்லை. அப்பா ஓட்டுவார், ஆனால் இருட்டினபிறகு ஓட்டமாட்டார், கங்காருவும் மாடும் ரோட்டுக்கு வரும். அதனால் அதற்குத் தனியாக இரண்டு நாள் வைத்துக்கொள். குளத்துக்கு இரண்டு காலை எனக்குக் கொடு. அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவும் வருவார், காருக்குள் பிளாஸ்க்கோடு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பருந்து வந்தால் மட்டும் தலையைத் தூக்கி, "இது நம்ம ஊர்லயே இருக்கு" என்பார். இருக்கத்தான் இருக்கிறது, அதே கள்ளப் பருந்து. பக்கத்திலேயே ஊர்க் குப்பைக் கிடங்கு, வேறெங்கே போகும்?

அந்தப் பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு வராதே, முதுகு போய்விடும். பைனாகுலர் போதும், ஸ்கோப் என்னிடம் இருக்கிறது. ஆயாவிடம் சொல்லி வத்தக்குழம்புப் பொடி வாங்கிவா. எது கொண்டுவந்தாலும் விமானத்தில் கொடுக்கும் கார்டில் எழுதிவிடு, மறைத்தால் அபராதம் தீட்டிவிடுவார்கள். முக்கியமாக, பெரும்பாக்கத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற ஷூவை அடிவரை தேய்த்துக் கழுவிக் காயவைத்து எடுத்துவா. சேறு ஒட்டியிருந்தால் ஏர்போர்ட்டில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார்கள். தேதி முடிவானதும் போன் பண்ணு, என் டியூட்டியை மாற்றிக்கொள்ள ஒரு மாசம் முன்னாடியே சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா